அளவு ஜாக்கெட்

செம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்களின் வயது ரேஷன் கார்டுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொருத்தியின் இடுப்பும் எத்தனை அங்குலம், போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவில் அது எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் ஒரே ஒருவருக்குத் தெரியும். தெருக்கோடி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்த அக்காவுக்கு.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவரும் தன் அளவு நோட்டில் யார் பெயரையும் எழுதியதில்லை. 'மாடி வீட்டு டீச்சர்', 'ஏரிக்கரை மருமக', 'கறுப்புக் கண்ணாடி' என்றுதான் எழுதிவைப்பார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்ததால் 'போன் ஆபீஸ்'. எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த முதல் மாதமே எனக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

வேறு டைலரிடம் போகிற பெண்கள் என்ன செய்வார்கள்? புதுத் துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி மஞ்சள் பையில் போட்டு, "இதே அளவு" என்று கொடுத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். யார் முன்னாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், நம்பரைக் காதால் கேட்க வேண்டாம். எத்தனை சௌகரியம்! சில வீடுகளில் ஒரே அளவு ஜாக்கெட் இருபது வருஷம் ஓடும்.

அக்காவிடம் அது நடக்காது. நானும் முதல் தடவை பையோடுதான் போனேன். என் அளவு ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டார்.

"இது உன் போன வருசத்து ஒடம்பு. இந்த வருசத்து ஒடம்பு எங்க கீது? அத்த இட்டுகினு வா."

"அக்கா, அதேதான். மாறவே இல்ல."

"வாயி பொய் சொல்லும், டேப்பு சொல்லாது. கைய தூக்கு. மூச்ச புடிக்காத."

மூச்சைப் பிடிக்காதே என்பதை அவர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். டேப் இடுப்பைத் தொட்டதும் தானாக வயிறு உள்ளே போய்விடும், நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அக்கா டேப்பைப் பிடித்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நமக்கு மூச்சு முட்டி, உஸ்ஸென்று விட்டதும் சட்டென்று அளவெடுத்து எழுதிக்கொள்வார். அவரை ஏமாற்றியவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

ஜாக்கெட்டுக்கு வேண்டாத அளவுகளையும் எடுப்பார். மேல்கையின் நடுச்சுற்று, கழுத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகு நீளம். எதற்கு என்று கேட்டால், "சொம்மா கெடக்கட்டும்" என்பார். அந்தச் சும்மா கிடந்த நம்பர்கள்தான் என் மாமியாரைக் காப்பாற்றின.

என் மாமியாருக்கு ஒரு பெருமை உண்டு. நாற்பத்தெட்டு கிலோ. மாம்பலத்துக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் தாம்பரம் ஸ்டேஷனில், விளக்கு மினுக்கிச் சக்கரம் சுற்றுகிற எடை மெஷினில் ஏறி நின்று காசு போடுவார். விழுகிற அட்டையின் பின்னால் 'நீங்கள் தலைமை தாங்கப் பிறந்தவர்' என்று இருந்தாலும் அதைச் சீண்டமாட்டார், முன்னால் இருக்கும் நம்பர்தான் முக்கியம். அத்தனை அட்டைகளும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றிலும் நாற்பத்தெட்டு. மருமகள் நான் பிரசவத்துக்குப் பிறகு பூரித்துப் போனபோது அந்த டின் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது இருக்கும்போது ஒரு கிரகப்பிரவேசத்துக்காக அக்காவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். அக்கா அளந்தார். நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். மறுபடியும் அளந்தார்.

"யம்மா, ஒனக்கு மாசாமாசம் வர்றது நின்னு எத்தினி வருசமாச்சு?"

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எதுக்கு ஜாக்கெட்டுக்கு?"

"ஆறு வருசம் முந்தி ஒன் கை பதினொண்ணு. இப்ப ஒம்பதரை. இடுப்பு இருவத்தெட்டு, இப்ப முப்பத்திரெண்டு. முதுவு அரை இஞ்ச் நீண்டுகீது, முன்னாடி அரை இஞ்ச் கொறஞ்சுகீது. குனிஞ்சுகினே வர்றே நீ."

"என் வெயிட் மாறவே இல்ல. அட்டை இருக்கு."

"கிலோ அதே கிலோதான். கையில கீற சதையெல்லாம் கரைஞ்சு போச்சு, வயித்துல கொழுப்பு வந்து குந்திகிச்சு. உள்ள கீற சரக்கே வேற. ஸ்டேஷன் மெஷினுக்கு இன்னா தெரியும்?"

தையல்காரிக்கு எதற்கு டாக்டர் வேலை என்று மாமியார் ஒரு வாரம் வீட்டில் பொருமினார். ஆனால் எனக்கு உறுத்தியது. நோட்டில் இருந்த அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கேம்ப் ரோடு பக்கம் இருந்த லேடி டாக்டரிடம் அத்தையைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதை யார் எடுத்தது?"

"டைலர்."

"டைலரா!" டாக்டர் சிரித்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "பீரியட்ஸ் நின்னப்புறம் எலும்பு உள்ளுக்குள்ளயே மெலிய ஆரம்பிச்சுடும்மா. வலிக்காது, சத்தம் போடாது. சதை பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் எலும்பு கெட்டியா இருக்கும். உங்களுக்குச் சதை கரைஞ்சிருக்கு. மொத்த எடை அதேதான்னு நீங்க நிம்மதியா இருந்துட்டீங்க."

அத்தைக்கு ஒரு சின்ன ஆசை வந்தது. "அப்போ குண்டா இருந்தா நல்லதா டாக்டர்?"

"ரொம்ப ஒல்லியா இருக்கறவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. எடையைத் தாங்கித் தாங்கி எலும்புக்குக் கொஞ்சம் பலம் வரும், அது உண்மைதான். ஆனா வயித்துல வர்ற கொழுப்பை நம்பிடாதீங்க. கையிலயும் கால்லயும் சதை வேணும். நடங்க, கனம் தூக்குங்க, பால் குடிங்க, பருப்பு, முட்டை சாப்பிடுங்க."

முட்டை சாப்பிடமாட்டேன் என்று அத்தை சொன்னார். ஆனால் மறுநாளே ஏரிக்கரையில் நடக்கப் போய்விட்டார், சுண்ணாம்புச் சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. அட்டை டின்னில் வடகம் போட்டு வைத்தோம். அத்தை எண்பது தாண்டியும் நிமிர்ந்து நடந்தார், என்னை அதட்டியபடி. அதற்காக நான் அக்காவுக்குக் கடன்பட்டவளா, இல்லை அக்கா மேல் கோபப்படவேண்டியவளா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அக்காவுக்குப் பிடித்த அளவு ஒன்று உண்டென்றால் அது மீன்காரம்மாவுடையது. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருக்களில் நடப்பார். அத்தை வயதுதான், உடம்பு மட்டும் இரண்டு பங்கு. பத்து வருஷமாக அவர் மேல்கைச் சுற்று பதினாலரையிலிருந்து அசையவில்லை.

"இன்னா டைலரம்மா, என்னிய அளக்குறியா, சொறாவ அளக்குறியா?"

"சொறாதான். குந்தாத, நில்லு. ஒனக்கு மட்டும் எப்படிம்மா சதை கொறைய மாட்டேங்குது?"

"கொறஞ்சா கூடைய யாரு தூக்குவா, ஒன் மெஷினா?"

இந்த மீன்காரம்மா ஒருநாள் தாம்பரத்தில் பஸ் நகரும்போதே இறங்கி, கூடையும் தானுமாக ரோட்டில் விழுந்தார். கூட்டம் கூடிவிட்டது. எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, முதல் வேலையாக வஞ்சிரம் எங்கே போயிற்று என்று தேடினாராம். ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அக்கா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நோட்டை எடுத்து, மீன்காரம்மா பக்கத்தில் பதினாலரைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

சரி, அக்காவின் உடம்பு? ஒரு முருங்கைக்காய்தான். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயந்திரம் வரைக்கும் டீ, பொறை ரொட்டி, டீ, பொறை. புருஷன் போய்ச் சேர்ந்து, மகளை ஆவடியில் கட்டிக்கொடுத்த பிறகு, ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று விட்டுவிட்டார். முப்பத்தெட்டு வயதிலேயே கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். தெருவே வந்து, "தொல்ல விட்டுச்சு, குடுத்துவெச்சவ" என்று வாழ்த்திவிட்டுப் போனதாம். அவர் உடம்புக்குள் அன்றைக்கே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்பது வாழ்த்தியவர்களுக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டவருக்கும் தெரியாது.

ஊரையெல்லாம் நிற்கவைத்து அளந்தவர் தனக்கு மட்டும் அளவு ஜாக்கெட் வைத்துத்தான் தைத்துக்கொண்டார். அரக்குக் கலரில் ஒன்று. சர்ச்சில் கல்யாணத்தன்று போட்டதாம். "அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். என் ஒடம்பு மாறவே இல்ல" என்பார். இதே வசனத்தை நாங்கள் யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா?

எனக்குச் சந்தேகம் வந்தது கொடியால். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை ஹேங்கரில் மாட்டி, முன்னறையில் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவார். நான் போன புதிதில் அந்தக் கயிறு என் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. ஒரு வருஷம் பார்த்தால் ஹேங்கர்கள் என் கொண்டையில் உரசின. அடுத்த வருஷம் கயிறு நேராக நெற்றியில் இடித்தது.

"ஏன்க்கா கயித்தை இறக்கிக் கட்டியிருக்கீங்க?"

"ஆணி ஆடுச்சு."

ஆணி பழைய இடத்தில் கல் மாதிரி இருந்தது. அதன் கீழே புதிதாக இன்னும் இரண்டு. முந்தானையை எந்நேரமும் முதுகைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்கிற பழக்கமும் அப்போதுதான் அவருக்கு வந்திருந்தது. சித்திரை வெயிலில் யார் இப்படிப் போர்த்துவார்கள்?

நான் கெஞ்சினேன். லேடி டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு இன்னா கேடு?" என்பார். நானே அளக்கிறேன் என்றால், "ஹலோ ஹலோன்னு போன் புடிக்கறவ, டேப்பு புடிக்க ஒனக்கு எங்க தெரியும்?" என்பார். மீன்காரம்மா ஒருநாள் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு, "நில்லுடி, நான் அளக்குறேன்" என்றதற்கு, மீன் நாத்தம் துணியில் ஒட்டும் என்று வெளியே அனுப்பிவிட்டார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக அந்த மனுஷி என் கண்ணெதிரே குனிந்துகொண்டிருந்தார். என்றைக்காவது எங்கேயாவது மடார் என்று உடையப்போகிறது, உடைந்தால் அந்த வயதில் தனியாக என்ன செய்வார்? என் அத்தையைக் காப்பாற்றிய டேப்பைத் தன் மேல் படவிடாமல் இப்படி அடம் பிடிக்கிறாரே என்று ஆத்திரமும் வந்தது.

உடைந்தது தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது. தண்ணி லாரி வந்திருந்தது. தெருவெல்லாம் ஈரம். அக்கா குடத்தை இறக்கிவைக்கப் போய், கால் லேசாக வழுக்கி, இடது கையை ஊன்றினார். அவ்வளவுதான். மீன்காரம்மா பஸ்ஸிலிருந்து விழுந்ததோடு ஒப்பிட்டால் அதை விழுந்தது என்றே சொல்லமுடியாது. மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது.

மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர், கொடியில் பாதியும் கட்டிலில் பாதியுமாகக் கிடந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்துமூன்று ஜாக்கெட். யாரும் துணியைத் திரும்பக் கேட்கவில்லை. தெருவே முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டது. வலது கை நன்றாக இருந்ததால் அக்கா வெட்டிக்கொடுத்தார், மாடி வீட்டு டீச்சர் மெஷின் ஓட்டினார், அத்தை ஹெம்மிங். எனக்குக் கொக்கி. மீன்காரம்மா வியாபாரம் முடித்துக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நூல் பிரித்தார்.

"இந்தப் பேஜாரு ஒனக்குத் தேவையா டைலரம்மா? பொறைய துன்னுட்டு எலும்பு நிக்கணும்னா எப்படி நிக்கும்? நாளைலேந்து நெத்திலி எடுத்தாறேன், முள்ளோட துன்னு."

"கைதான் ஒடஞ்சுது. நான் நல்லாத்தான் கீறேன்."

"ஆமா, சொறா மாதிரி கீறே!"

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் ஐம்பத்துமூன்றும் முடிந்துவிட்டன. எல்லோரும் முறுக்கு சுடப் போய்விட்டார்கள். நான் மட்டும் கடைசிக் கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். தன் கிறிஸ்துமஸ் ஜாக்கெட்டை ஊரோடு சேர்ந்து தீபாவளிக்கே தைத்துக்கொள்வார் அக்கா, எப்போதும் கடைசி ஆளாக. தன் துணியையும் அந்த அரக்கு ஜாக்கெட்டையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார். வெட்டக் கத்தரியை எடுத்தார்.

என்ன தைரியம் வந்ததோ, கத்தரியைப் பிடுங்கிவிட்டேன். "இது உங்க எந்த வருஷத்து உடம்பு? இந்த வருஷத்து உடம்பு எங்க இருக்கு? எழுந்து நில்லுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். முந்தானையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மேல்கைச் சுற்று ஒன்பது. சொன்னேன். தலையாட்டினார். இடுப்பு சொன்னேன். பிறகு கழுத்தெலும்பிலிருந்து டேப்பை இறக்கினேன். நேராக இறங்கவில்லை, ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. பதினைந்தே முக்கால்.

"எவ்ளோ?"

"பதினஞ்சு."

"பொய் சொல்றே. பதினஞ்சே முக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கட்டிலைக் காட்டினார். அரக்கு ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினேன். முதுகுப் பக்கம் கீழே ஒரு பட்டை ஒட்டுப் போட்டிருந்தது. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே மூன்றாவது, நிறம் கொஞ்சம் வெளிறி. முன்பக்கம் மூன்று தடவை மடித்துத் தைத்திருந்தது. கைக்குள்ளே தாம்பரம் யார்டு தண்டவாளம் மாதிரி தையல் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே வந்திருந்தன. வருஷத்துக்கு ஒரு கோடு. ஊரில் எல்லோருக்கும் நோட்டில் எழுதியதை, தனக்கு மட்டும் இந்த ஜாக்கெட்டுக்குள் தைத்து வைத்திருக்கிறார்.

"எல்லாம் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"மாறலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிகினு திரிஞ்சேனா... அப்பால நோட்டுல எழுதிட்டா நெஜமாயிடும்னு பயம்." மூக்கை உறிஞ்சினார். "சரி, எழுது. தேதி போட்டு எழுது. வர்ற தீபாவளிக்குத் திருப்பி அளக்கணும்."

தலைப்பில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "முருங்கைக்காய்னு போடு. தெருவுல அப்படித்தானே சொல்லிகினு கீறீங்க." தெரியாதென்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பண்டிகை முடிந்த மறுநாள் லேடி டாக்டரிடம் அவரே முன்னால் நடந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்ததும் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டில் மணல் ரொப்பி, நிமிர்ந்து உட்கார்ந்து தூக்கி இறக்கச் சொன்னார்கள். முதலில் கால் பாட்டில் மணல். பிறகு அரை. ஒரு ஜாக்கெட் முடிந்தால் பத்துத் தடவை தூக்குவது என்று அக்கா கணக்கு வைத்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள் நெத்திலி வந்தது. ஒருத்திக்காக அடுப்பு மூட்டினார். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, டைலரம்மா குஸ்திக்குப் போகிறார் என்று சிரித்தார்கள்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள் எனக்கு ஆள் அனுப்பிவிட்டார். போனால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நிற்கிறார். நோட்டு திறந்திருந்தது. முதுகை முதலில் அளந்தேன். பதினைந்தே முக்கால். ஒரு நூல் கூடவில்லை. பிறகு மேல்கை. டேப்பைச் சுற்றினேன்.

"எவ்ளோ?"

"ஒன்பதே கால்."

"பொய் சொல்றியா?"

"இல்லக்கா."

"திருப்பி வை."

திருப்பி வைத்தேன். இந்தத் தடவை ஒன்பதரையைத் தொட்டது. எனக்குச் சந்தேகம் வந்து முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, முஷ்டியை மடக்கி அந்த ஒல்லிக் கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் டேப்பைப் பிடித்தபடியே கூரையைப் பார்த்தேன். "கையை முறுக்காதீங்கக்கா. மூச்சைப் பிடிக்காதீங்க."

உஸ்ஸென்று மூச்சை விட்டார். கை தளர்ந்தது. டேப் ஒன்பதே காலில் நின்றது.